கையில் உள்ள கெமராவும் கண்ணில் உள்ள கெமராவும்



இந்தப் பகுதியில் வழமையாக கடன், இருப்பு, செக், லீசிங் என்றுதான் எழுதி வருகிறேன். இந்த வாரம் ஒரு கெமராவைப் பற்றி எழுதப் போகிறேன். வியாபாரப் பக்கத்தில் கெமராவுக்கு என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் இதுவும் கல்லாப்பெட்டிக் கதைதான். கடையில் சரக்கு வாங்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பதினைந்து இலட்சத்துக்கு மேல் எடுத்து ஒரு கெமராவுக்குக் கொடுக்க அண்மையில் நான் துணிந்துவிட்டேன். கையெழுத்துப் போடும் தூரம் வரை போய்த் திரும்பி வந்த கதை இது. மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் ஒருவன் தானே எப்படி வழுக்கினான் என்று தெரிந்தால் வாசிப்பவர்களுக்குப் பயன் கிடைக்கும்.

முதலில் அந்தக் கெமராவைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் செய்யப்படும் லைக்கா எம்6. பிலிம் போட்டு எடுப்பது. 1984 முதல் 2002 வரை செய்து நிறுத்தியதை, 2022இல் அந்தக் கம்பெனி மீண்டும் செய்யத் தொடங்கியது. அப்போது அமெரிக்காவில் வைத்த விலை 5,295 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்துப் பார்த்தால் 15,88,500 ரூபா. இது வெறும் உடம்புக்கு மட்டும். லென்ஸ் வேறாக வாங்க வேண்டும், அதுவும் இலட்சங்களில்தான். லண்டனில் இருக்கும் மருமகன், "மாமா, பாவித்தது ஒன்று நல்ல நிலையில் இருக்கிறது, வரும்போது கொண்டு வரவா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் என் தூக்கம் போனது.

இது ரேஞ்ச்பைண்டர் வகைக் கெமரா. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் சிறு சதுரம் ஒன்று தெரியும். அதற்குள் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டு உருவமும் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும். பொருந்திய இடத்தில் படம் தெளிவு. கருவி சிறியது, சத்தம் குறைவு. இந்த இரண்டு குணத்துக்காகவே பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் பலர் இதை விரும்பினார்கள். பிரான்சைச் சேர்ந்த ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் 1948 ஜனவரியில் காந்தியின் கடைசி நாட்களையும் இறுதி ஊர்வலத்தையும் படம் பிடித்தவர். அவர் லைக்காவைத்தான் கையில் வைத்திருந்தார். தன் வாழ்நாள் வேலையில் பெரும்பகுதியை 50 மில்லிமீற்றர் என்ற ஒரே அளவு லென்ஸால் செய்து முடித்தார். இந்த இரண்டாவது செய்தியை ஆசை பிடித்திருந்த நாட்களில் நான் வசதியாக மறந்துவிட்டேன்.

வாப்பாவின் கெமரா

என்னிடம் கெமரா இல்லாமல் இல்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு, அடுத்த வருடம் வாப்பா புறக்கோட்டையில் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு யஷிக்கா எலெக்ட்ரோ 35 வாங்கி வந்தார். ஜப்பான் கெமரா. 1966இல் சந்தைக்கு வந்து பெரும் எண்ணிக்கையில் விற்ற வகை. அதுவும் ரேஞ்ச்பைண்டர்தான். லென்ஸ் நல்ல லென்ஸ். எங்கள் குடும்பத்தின் நிக்காஹ், பெருநாள், கடைத்திறப்பு எல்லாவற்றையும் பார்த்த கண் அது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் வீட்டில் இருந்த அல்பங்கள் அத்தனையும் அங்கேயே கிடந்தன. பிறகு அவற்றில் ஒன்றையும் நாங்கள் காணவில்லை. ஆனால் கெமரா தப்பியது. காரணம், அது அன்று வீட்டில் இல்லை. பிலிம் சுற்றும் இடத்தில் சிறு கோளாறு என்று உரும்பிராயில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணையிடம் திருத்தக் கொடுத்திருந்தோம். 1995இல், சரியாக ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அந்த நெரிசலில் அவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன பொதியில் எங்கள் கெமராவும் இருந்திருக்கிறது. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் நான் புத்தளத்திலிருந்து போய் அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். அவர் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கையில் தந்தார்.

தரும்போது ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, இதை நான் சும்மா வைச்சிருக்கேல்ல. உழைச்சும் இருக்கிறன். குறை நினையாதையுங்கோ" என்றார்.

என்ன நடந்தது என்றால், 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு குடாநாட்டுக்கு வரத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. யஷிக்கா எலெக்ட்ரோவின் வேகத்தைத் தீர்மானிப்பது பற்றரி. பற்றரி இல்லையென்றால் அது ஒரே ஒரு வேகத்தில் மட்டும் வேலை செய்யும். ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு. பலர் இதைக் கழிவு என்று அலுமாரியில் போட்டிருப்பார்கள். அவரோ கணக்குப் போட்டார். 100 வேகப் பிலிம், உச்சி வெயில், 500இல் ஒரு பங்கு வேகம் என்றால் லென்ஸின் துவாரத்தை எட்டில் வைத்தால் போதும். ஆகவே பகல் வெயிலில் மட்டும் படம் எடுத்தார். பிலிம் எப்படியோ கைக்கு வந்த நாட்களில், அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும் படம் எடுக்க வந்தவர்களை முற்றத்தில் வெயிலுக்கு வரச் சொல்லி, பற்றரி இல்லாத கெமராவால் சீவியம் நடத்தினார்.

குறை நினைக்க என்ன இருக்கிறது? அமானிதமாக இருந்த பொருள் ஒரு குடும்பத்துக்குச் சோறும் போட்டது. வாப்பா இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

குறை எங்கிருந்து வருகிறது?

2010இல் நான் திரும்பி வந்து யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடையைத் திறந்தேன். கெமராவும் கூடவே வந்தது. இடைத்தூரம் வைத்து ஒரு பற்றரி போட்டால் இன்றும் ஓடுகிறது. பல வருடம் அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

லைக்கா கண்ணில் பட்ட பிறகுதான் குறைகள் வரிசையாகத் தெரியத் தொடங்கின. நடுச் சதுரம் மங்கிவிட்டது. லென்ஸ் மாற்ற முடியாது. வேகத்தை நானே வைக்க முடியாது, அதுவே தீர்மானிக்கிறது. தூக்கிப் பார்த்தால் பெரிதாக இருக்கிறது. இவை எதுவும் பொய் இல்லை. ஆனால் இதில் ஒன்றாவது நேற்று வந்த குறையா? இல்லை. 1978இலும் அதில் லென்ஸ் மாற்ற முடியாதுதான். கெமரா மாறவில்லை, நான் அதைப் பார்த்த கண் மாறிவிட்டது. விற்பவன் நமக்குப் பொருளை விற்பதற்கு முன்னால், நம் கையில் இருக்கும் பொருளின் குறையை நமக்கு விற்றுவிடுகிறான். அதை நாம் காசு கொடுக்காமலே வாங்கிக்கொள்கிறோம்.

இது கெமராவில் மட்டும் நடப்பதில்லை. பக்கத்துக் கடையில் கண்ணாடியும் டைல்ஸும் போட்ட அடுத்த வாரமே நம் கடைச் சுவரில் வெடிப்புத் தெரிகிறது. சக வியாபாரி புது லொறி எடுத்த அன்று நம் லொறியின் சத்தம் காதில் விழுகிறது. அந்த வெடிப்பும் சத்தமும் முன்பும் இருந்தவைதான்.

உரும்பிராயில் கேட்ட கேள்வி

உரும்பிராய்ப் பக்கம் எனக்கு நிறையக் கொடுக்கல் வாங்கல் உண்டு. செம்மண் நிலம், கிணற்றுப் பாசனம். வாழை, வெங்காயம், மரக்கறி செய்பவர்கள் தண்ணீர்ப் பம்புக்கும் பைப்புக்கும் நம்மிடம் வருவார்கள். நிலுவை வாங்கப் போன ஒரு நாள் பலாலி வீதியால் திரும்பி வரும் வழியில் அந்த அண்ணையின் வீட்டுக்குப் போனேன். இப்போது வயது எழுபத்தைந்துக்கு மேல். ஸ்டூடியோவை மகன் நடத்துகிறான், எல்லாம் டிஜிட்டல்.

நான் லைக்காவைப் பற்றிச் சொன்னேன். விலையையும் சொன்னேன். அவர் கோபிப்பார், சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "நல்ல சாமான் தம்பி. அதில பிழை சொல்ல ஏலாது" என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அண்ணை, அது பற்றரி இல்லாமலே எல்லா வேகத்திலயும் ஓடும். வெளிச்சம் அளக்க மட்டும்தான் பற்றரி" என்றேன். அந்தக் காலத்தில் அவர் பட்ட பாட்டுக்கு அதுதான் மருந்து என்று காட்ட நினைத்தேன்.

அவர் சொன்னார்: "தொண்ணூற்றியொண்டில அது என்ர கையில இருந்திருந்தா நான் ராசா. இப்ப பற்றரி பெட்டிக்கடையிலயும் தொங்குது. முடிஞ்ச கஸ்டத்துக்கு இப்ப ஏன் காசு குடுக்கிறியள்?"

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "போன ஒரு வருசத்தில, இந்தக் கெமராவால எடுக்க ஏலாமல் விட்ட படம் எதெண்டு ஒண்டைச் சொல்லுங்கோ தம்பி. பிறகு வாங்குங்கோ."

நான் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. எடுக்காமல் விட்ட படங்கள் உண்டு. ஆனால் அவை கடையைப் பூட்ட முடியாமல், பிலிம் வாங்காமல், சோம்பலால் விட்டவை. கெமரா தடுத்தது ஒன்றுகூட இல்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து வந்தேன்.

திருப்பி அனுப்பிய வேலை

அந்தக் கேள்வியைக் கடைக்குக் கொண்டு வந்து பார்த்தேன். அப்படியே பொருந்துகிறது. புதிய மெசின், புதிய வாகனம், பெரிய கடை, இவற்றில் எதை வாங்கும் முன்னும் ஒரு சிறு கொப்பியை எடுத்து மேசையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு, "இந்தக் கருவி இல்லாததால் இன்று திருப்பி அனுப்பிய வேலை" என்று மட்டும் அதில் எழுதுங்கள். திகதி, வேலை, கிடைத்திருக்கக் கூடிய இலாபம். வேறு ஒன்றும் வேண்டாம்.

மேம்படுத்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2014இல் நான் இதைத் தெரியாமலே செய்திருக்கிறேன். இரும்புப் பைப்புக்குக் கையால் திரெட் வெட்டிக்கொண்டிருந்தோம். அவசரக்காரர்கள் நிற்காமல் வேறு கடைக்குப் போனார்கள். யார் யார் போனார்கள் என்று என் பையன் துண்டுக் கடதாசியில் குறித்து வைத்திருந்தான். அந்தத் துண்டுகளைப் பார்த்துத்தான் மின்சார மெசின் எடுத்தோம். ஒன்றரை வருடத்தில் அதன் விலை திரும்பி வந்தது. அது தேவை. அந்த மெசினை நான் ஒரு நாளும் இரவில் கனவு கண்டதில்லை என்பதையும் கவனியுங்கள். தேவை பெரும்பாலும் அழகாக இருப்பதில்லை. ஆசைதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

கொப்பி நிரம்பினால் தைரியமாக வாங்குங்கள். வெறுமையாக இருந்தால் அது ஆசை. ஆசையும் ஹராம் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் முதலிலிருந்து வரக் கூடாது. வருடக் கணக்கு முடிந்து, இலாபத்தில் வீட்டுப் பங்கு என்று பிரித்த பிறகு அந்தப் பங்கிலிருந்து வர வேண்டும். வட்டிக்கு எடுத்து ஆசையைத் தீர்ப்பதைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

விற்பவனும் வழுக்கினான்

இந்த வழுக்கல் வாங்குபவனுக்கு மட்டும் உரியதல்ல. அதே லைக்கா கம்பெனி 1971இல் எம்5 என்று ஒன்றைக் கொண்டு வந்தது. வெளிச்சத்தை லென்ஸ் வழியாக அளக்கும் மீற்றரை உள்ளேயே வைத்தார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதற்காகக் கெமராவைப் பெரிதாக்கிவிட்டார்கள். சிறியது, கைக்கு அடங்குவது என்று வாங்கிப் பழகிய வாடிக்கையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். 1975இல் நிறுத்த வேண்டி வந்தது. பிறகு கனடாவில் இருந்த தொழிற்சாலையில் பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். 1984இல் அந்தப் பழைய சிறிய உடம்புக்குள் மீற்றரை அடக்கியபோது பிறந்ததுதான் நான் ஆசைப்பட்ட எம்6. அது பதினெட்டு வருடம் ஓடியது.

நமக்கு இதில் பாடம் உண்டு. வாடிக்கையாளர் நம்மிடம் எதற்காக வருகிறார் என்று தெரியாமல் கடையை உயர்த்தினால், உயர்த்திய கடைக்குள் அவர் வர மாட்டார். தோட்டக்காரர் சேற்றுக் காலோடு வந்து நின்று பேசக்கூடிய கடை என்பதால்தான் என்னிடம் வருகிறார். நான் வெள்ளை டைல்ஸ் போட்டால் அவர் வாசலில் நின்று யோசிப்பார்.

கருவிக்குத் தீனி

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கெமரா ஐம்பது வருடம் உழைக்கும். ஆனால் அது தின்பது பிலிம். அந்தப் பிலிம் யார் கையில் இருக்கிறது? தமிழ்நாட்டில் ஊட்டியில் 1960இல் இந்திய அரசு ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற தொழிற்சாலையைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் பிலிம் வந்தது. 1990களில் அது நலிந்து, பிறகு மூடும் நிலைக்கே போனது. உலகத்துக்கே பிலிம் விற்ற அமெரிக்கக் கொடாக் கம்பெனி 2012 ஜனவரியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அது மீண்டு வந்து இன்றும் பிலிம் செய்கிறது என்றாலும், பழைய விலையில் அல்ல. 2022இல் நம் நாட்டில் டொலர் தட்டுப்பாடு வந்தபோது இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே எந்தக் கருவியை வாங்கும் முன்னும், அது தின்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது, வராவிட்டால் என்ன செய்வேன் என்று கேளுங்கள். விலைச்சீட்டில் இருப்பது முதல் செலவு மட்டும்தான்.

கணக்கைப் பார்ப்போம்

நான் கடைசியாகப் போட்ட கணக்கு இது. ஒரு பிலிம் சுருள் வாங்கி, கழுவி எடுக்க 5,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பதினாறு இலட்சத்துக்கு 320 சுருள். சுருளுக்கு 36 படம் என்றால் 11,520 படம். நான் வருடத்துக்கு நான்கு சுருள் எடுத்தாலே பெரிது. அதாவது அந்தக் கெமராவின் விலைக்கு, வாப்பாவின் கெமராவில் எண்பது வருடம் படம் எடுக்கலாம்.

இன்னொரு கணக்கு இதைவிடக் கனமானது. கடையில் சரக்காக இருக்கும் பதினாறு இலட்சத்துக்கு வருடம் இரண்டரை வீதம் ஸகாத் உண்டு. அது 40,000 ரூபா. அதே பணம் என் சொந்தப் பாவனைக்கான கெமராவாக மாறினால் அதற்கு ஸகாத் இல்லை. சட்டப்படி நான் தப்பிவிடுவேன். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த 40,000 ரூபாவை எதிர்பார்க்கும் விதவையும் அநாதையும் இருக்கிறார்கள். நான் எடுக்கப் போன பணத்தில் அவர்களுடைய பங்கும் இருந்தது. முதலைத் தின்பவன் தன்னுடையதை மட்டும் தின்பதில்லை.

மருமகனுக்கு அன்றிரவே "வேண்டாம் மகன்" என்று சொன்னேன். பணம் பைப்பாகவும் பம்பு உதிரியாகவும் மாறிக் கடைக்குள் வந்தது. யஷிக்காவைக் கொழும்புக்கு அனுப்பி, உள்ளே உக்கிப்போன ரப்பர்த் துண்டையும் வெளிச்சம் புகாமல் அடைக்கும் பஞ்சையும் மாற்றி, மங்கியிருந்த சதுரத்தைத் துடைக்கச் செய்தேன். அதற்கான செலவு ஒரு நல்ல சப்பாத்தின் விலைகூட வரவில்லை.

ஆசை போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கத்தான் செய்கிறேன். ஒரு நாள் வீட்டுப் பங்கில் அவ்வளவு சேர்ந்தால் அப்போது யோசிக்கலாம், இன்ஷா அல்லாஹ். திருத்தி வந்த கெமராவை எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உரும்பிராய்க்குப் போனேன். பற்றரியைக் கழற்றிவிட்டு, துவாரத்தை எட்டில் வைத்து, அண்ணையை முற்றத்து வெயிலில் நிற்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே நின்றார். படம் நன்றாக வந்திருக்கிறது. ஒரு பிரதி அவர் வீட்டில், ஒன்று என் கடை மேசைக்கு மேலே.

அதற்குக் கீழேதான் அந்தக் கொப்பி இருக்கிறது. நீங்களும் ஒன்று வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

வஸ்ஸலாம்.